பழசைப் பழசாகவே காப்பவர்கள்



அல்சூரிலிருந்து ஒரு வாசகி சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய தாத்தா 1940களில் எழுதிவைத்த வரவுசெலவு நோட்டு ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. அரிசி விலை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், நடுநடுவே யாரிடமும் சொல்லாத மனத்தாங்கல் சில வரிகள். தாள் பழுத்துப்போய், தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர், "ஒவ்வொரு தாளாகப் பிரித்து லேமினேட் பண்ணித் தர்றேன், நூறு வருஷம் நிக்கும்" என்றாராம். செய்யலாமா என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம் என்று அன்றே பதில் போட்டேன். ஏன் வேண்டாம் என்பதை ஒரு தபால் அட்டையில் அடக்க முடியவில்லை. இதே கேள்வி உங்களில் பலருடைய வீட்டுப் பரணிலும் இருக்கும் என்பதால், இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளுக்கு கன்சர்வேட்டர் என்று பெயர். பெங்களூரில் அந்தப் பட்டத்தோடு இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். மல்லேஸ்வரம் அரண்ய பவனில் இருப்பவர்கள் வனத்துறையின் கன்சர்வேட்டர்கள். நாம் வனப் பாதுகாவலர் என்கிறோமே, அவர்கள்தான். இன்னொரு வகையினரைப் பார்க்க வேண்டுமானால், சித்ரகலா பரிஷத்தோடு சேர்ந்து மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் தொடங்கிய காப்பு ஆய்வுக்கூடம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். அங்கே ஓவியம், சுவடி, கடிதம், புகைப்படம், துணி என்று மனிதர் கைபட்டு உருவானவை சிகிச்சைக்கு வருகின்றன. கஸ்தூரிபா சாலையில் 2023-ல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமான 'மேப்'பிலும் இதே தொழிலைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். முதல் வகையினர் உயிரோடு வளர்வதைக் காக்கிறார்கள். இரண்டாம் வகையினர் காப்பது, வளர்ச்சி முடிந்துபோன பொருளை. அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் வேலை வேறு: எதைச் சேர்ப்பது, எதைப் பார்வைக்கு வைப்பது, அதன் கதை என்ன என்று முடிவு செய்வது. அந்தப் பொருளின் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்தான் கன்சர்வேட்டர்.

அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். ஒரு வீட்டுப் பூசையறையிலிருந்து பழைய தஞ்சாவூர் ஓவியம் வருகிறது. பலகை மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்துப் பூசி, புடைப்பு வேலை செய்து, தங்க ரேக் ஒட்டி, கல் பதித்து வரைந்தது. ஆண்டுக்கணக்கில் விளக்குப் புகை படிந்திருக்கிறது. மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஈரம் ஏறிப் பலகை உப்ப, மேலே இருக்கும் பூச்சு அதோடு சேர்ந்து உப்ப முடியாமல் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிறது. கன்சர்வேட்டர் எடுத்த எடுப்பில் தூரிகையைத் தொடுவதில்லை. முதலில் படம் எடுக்கிறார். பக்கவாட்டிலிருந்து சாய்ந்த வெளிச்சம் விழச் செய்து இன்னொரு படம் எடுக்கிறார். எங்கெங்கே பூச்சு தூக்கி நிற்கிறது என்பது அந்த நிழலில் தெரிந்துவிடும். பிறகு நிலை அறிக்கை எழுதுகிறார்: எங்கே விரிசல், எங்கே பூச்சி அரித்தது, எங்கே முன்பு யாரோ பெயின்ட் பூசிச் சரி செய்யப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரு மூலையில், கடுகளவு இடத்தில், பஞ்சைச் சுற்றிய குச்சியால் துடைத்துப் பார்ப்பது. பல சமயம் இந்த முதல் துடைப்புக்கு வெறும் எச்சிலே போதும். அதிலுள்ள நொதிகள் அழுக்கை மென்மையாகக் கரைக்கும் என்பதால் உலகெங்கும் ஓவியக் காப்பாளர்கள் இன்றும் பயன்படுத்தும் முறை அது.

கிளம்பிய செதிலை நீர்த்த பசை விட்டு உட்கார வைப்பார்கள். உதிர்ந்துபோன இடத்தை நிரப்ப வேண்டியிருந்தால் அங்கே மட்டும் நிறம் வைப்பார்கள். பக்கத்தில் தப்பி நிற்கும் பழைய நிறத்தின் மேல் ஒரு புள்ளிகூடப் படக் கூடாது. அந்தப் புது நிறமும் நாளை யாராவது அழிக்க நினைத்தால் அழியக்கூடியதாக இருக்க வேண்டும். செய்த ஒவ்வொன்றையும், போட்ட ஒவ்வொரு ரசாயனத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து அதே ஓவியம் வேறொரு கன்சர்வேட்டரின் மேசைக்கு வரும்போது அவர் இருட்டில் தடவக் கூடாதல்லவா?

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது இந்த ஒழுக்கம்தான். தன்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் பின்னால் வருவார் என்று நம்பி, அவருக்காகக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

லேமினேஷன் அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழைக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரிக்க வழியில்லை. தாளுக்குள்ளேயே இருக்கும் அமிலம் வெளியேற முடியாமல் உள்ளிருந்தே அரிக்கும். இதை யாரும் அறியாமையால் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் லேமினேஷனைப் பெரிதும் நம்பின. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இயந்திரமும் சூடும் இல்லாமல், செல்லுலோஸ் அசிடேட் படலத்தை அசிட்டோன் தொட்டு ஒட்டும் ஒரு கைமுறையை 1950களில் உருவாக்கினார்கள். வெளிநாட்டுக் காப்பகங்களும் அதைக் கற்றுக்கொண்டன. அந்தப் படலமே பிறகு கெட்டுப்போவதைப் பார்த்து, மெல்ல மெல்ல உலகம் அதைக் கைவிட்டது. இன்று கிழிசலை ஒட்ட அவர்கள் எடுப்பது ஜப்பானிய மெல்லிழைத் தாளும் மாவுப் பசையும். ஈரப் பஞ்சு வைத்தால் இளகிவிடும் ஒட்டு அது. நம் பாட்டிமார் காய்ச்சிய மைதாப் பசைக்கு அக்கா முறை என்று சொல்லலாம். மாவிலிருந்து புரதத்தை நீக்கிவிட்டு வெறும் மாச்சத்தை மட்டும் காய்ச்சுவது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தத் தொழிலில் தமிழர்களுக்கு ஒரு மூத்த பெருமை உண்டு. அது போதுமான அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்த செப்புத் திருமேனிகள் வெளியே வந்து காற்றுப் பட்டதும் சிலவற்றில் பச்சைப் பொடியாகப் பூத்து உதிரத் தொடங்கும். மண்ணின் உப்பு உலோகத்துக்குள் இறங்கி, ஈரக் காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். வெண்கல நோய் என்பார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்தபோது, 1930-ல், இதற்கென்றே ஒரு வேதியியலாளரை நியமித்தார்கள். எஸ். பரமசிவன் என்பவர். இந்திய அருங்காட்சியகங்களில் காப்புக்கென்று அமைந்த முதல் ஆய்வுக்கூடம் அப்படித்தான் பிறந்தது. மின்சாரம் செலுத்தி, திருமேனியின் வடிவம் கெடாமல் உப்பை வெளியேற்றும் முறையில் அவர் வேலை செய்தார். இன்று நாம் கண்ணாடிப் பேழைக்கு முன் நின்று நடராசரைக் கண் குளிரப் பார்க்கிறோம் என்றால், அந்த ஆய்வுக்கூடத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அதே பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் ஆராய்ந்தார். கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். ராசராசன் காலத்து ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை நீக்க வேண்டும். பழையது உயர்வு என்று சொல்லி, 17-ஆம் நூற்றாண்டுக் கலைஞனின் கையை அழிக்க நமக்கு என்ன உரிமை? பிற்பாடு தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைப் பூச்சோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றி வைத்தார்கள். இரண்டும் பிழைத்தன. இந்த இடத்தில் கன்சர்வேட்டருக்கு வேதியியல் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் காலத்துக்கும் ஓரவஞ்சனை செய்யாத மனமும் வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பெங்களூர்த் தமிழர்களிடம் இந்த ஊரில் நம் பழமையைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தொடங்குவார்கள். ஆனால் கல் வேறு கணக்குச் சொல்கிறது. காடுகோடி காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ராசேந்திர சோழன் காலத்தில் பட்டந்தூரில் ஏரி வெட்டியதைப் பேசுகிறது. ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து நடந்து போகும் தூரம்தான். மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தை வேப்பூர்க்காரர் ஒருவர் கொடையளித்ததைச் சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். அதே கோயிலில் தாமரைக்கரை என்று படிக்கும்போது, பஸ்ஸில் தாவரகெரே என்று கண்டக்டர் கூவும் குரல் காதில் கேட்கும். டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தோம்பலூர். அங்கே போசள ராமநாதன் காலத்துத் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன.

இவையெல்லாம் நமக்குத் தெரிய வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல்வர் பி. எல். ரைஸ். 1837-ல் பெங்களூரிலேயே பிறந்தவர். மைசூர் சமஸ்தானம் முழுக்கச் சுமார் 9,000 கல்வெட்டுகளைத் தொகுத்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்று வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கான 9-ஆம் தொகுதி 1905-ல் வந்தது. தமிழ்க் கல்வெட்டு ஆராய்ச்சிக்கும் இந்த ஊரோடு தொப்புள்கொடி உறவு உண்டு. 1886-ல் ஹூல்ஷ் அரசாங்கக் கல்வெட்டாய்வாளராகப் பணியைத் தொடங்கியது பெங்களூரில்தான். அந்த அலுவலகம் பின்னால் உதகைக்கும், 1966-ல் மைசூருக்கும் இடம்பெயர்ந்தது. ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுக்கும் படிகள் அங்கே மலைபோல் சேர்ந்தன. பல கல்வெட்டுகளுக்கு இன்று கல் இல்லை, அந்தத் தாள்தான் இருக்கிறது. மைசூரில் இருக்கும் தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, பலரும் அதை மொழிப் பெருமையாக மட்டும் பார்த்தார்கள். நான் தாளுக்காகக் கவலைப்பட்டேன். எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் படிகளுக்கு வேண்டியது ஒரே சீரான ஈரப்பதமும், பூச்சி அண்டாத அறையும், அவற்றைத் தூக்கக் கற்றுக்கொண்ட கைகளும்.

ரைஸ் பதிவு செய்த கற்களில் எத்தனையோ இந்த நூறாண்டில் சாலைக்கும் சாக்கடைக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்விட்டன. 2017 வாக்கில் உதயகுமார் என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்த நண்பர்களும் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தேடிக் கிளம்பினார்கள். அது வளர்ந்து, 1909-ல் தொடங்கிய, நிருபதுங்கா சாலையில் இருக்கும் மிதிக் சொசைட்டியின் திட்டமாகியிருக்கிறது. முப்பரிமாண ஸ்கேனரைக் கல்லின் முன் மெல்ல நகர்த்தி, மில்லிமீட்டருக்கும் குறைந்த பள்ளத்தைக்கூடப் பதிவு செய்கிறார்கள். கண்ணால் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த எழுத்து கணினித் திரையில் எழுந்து வருகிறது. 2018-ல் ஹெப்பாளில் கிடைத்த கிட்டய்யாவின் நடுகல் கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, கி.பி. 750 வாக்கில் நட்டது. பெங்களூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் மூத்தது. ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அதற்கொரு மண்டபம் எழுப்பினார்கள். அவர்களில் யாரும் கன்சர்வேட்டர் என்று பட்டயம் வாங்கியவர்கள் இல்லை. ஆனாலும் அந்தத் தொழிலின் பாதி இவர்கள் செய்ததுதான்: இருப்பதை இருக்கிறபடி பதிவு செய்வது, இருந்த ஊரிலேயே நிழல் கொடுப்பது.

கஸ்தூரிபா சாலைச் சிவப்புக் கட்டடத்து அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து வந்தது, கி.பி. 949-ஐ ஒட்டியது. ஒரு வேட்டை நாயும் காட்டுப் பன்றியும் மோதுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் காளி. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய வீரத்துக்கு என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, ஊரோ பொன்னோ கேட்காமல் அந்த நாயைக் கேட்டு வாங்கினானாம். பெரிய பன்றி ஒன்றோடு சண்டையிட்டு இரண்டுமே இறந்தன. நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டான். அதே கல்லில்தான் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராசாதித்தன் கொல்லப்பட்ட செய்தியும் இருக்கிறது. நம் பக்கத்துச் செப்பேடு அவன் யானை மேலிருந்தபடியே உயிர்விட்டதைப் பாடுகிறது. எதிர்ப்பக்கத்தின் சாட்சியமோ ஒரு நாயின் நடுகல்லில். எடுத்தனூர் நடுகல்லில் எசமானுக்குக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயை அறிந்தவர்களுக்கு இந்தக் காளியையும் பிடிக்கும். ஆதகூர்க் கல்லை யாரோ படிக்கல்லாகப் போட்டிருந்தால் காளியும் போயிருப்பாள், தக்கோலத்துக்கு நமக்குக் கிடைத்த மிக முக்கியமான சாட்சியமும் போயிருக்கும்.

மரங்களைக் காக்கும் கன்சர்வேட்டரின் கதை இவ்வளவு இனிமையானது இல்லை. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் நேர்மையாக இருக்காது. தென்னிந்தியாவில் இந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவர் கேப்டன் வாட்சன். 1806-ல் மலபாரில் நியமிக்கப்பட்டார். அவர் காக்க வேண்டியிருந்தது பிரிட்டிஷ் கப்பல் கட்டத் தேவைப்பட்ட தேக்கை. அதற்காகக் குடியானவனின் உரிமையும் மர வியாபாரியின் உரிமையும் பறிபோயின. எதிர்ப்பு வலுத்து, 1823-ல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. கன்சர்வேட்டர் என்று யாராவது வந்து நின்றால், யாருக்காகக் காக்கிறீர்கள் என்று கேட்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் தேவைப்படுகிறது.

1820-ல் சென்னையில் பிறந்த மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன் சற்று வேறு மாதிரி மனிதர். சிவமொக்காவில் வேலை பார்த்தபோது நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளை வரையச் செய்தார். காடு அழிந்தால் மழையும் ஆறும் என்னவாகும் என்று 1851-லேயே ஓர் அறிக்கை தயாரிப்பதில் பங்கெடுத்தார். 1856-ல் சென்னை மாகாணத்தின் வனக் கன்சர்வேட்டரானார். அதே ஆண்டு, ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக் அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. அதற்கு யோசனை சொன்னவரும் அவர்தான். ஆனால் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் மலைமக்களின் குமரிச் சாகுபடியை அழிவுக்குக் காரணம் என்று சொல்லித் தடுத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ரயில் பாதைக் கட்டைகளுக்கும் என்ஜின் விறகுக்கும் அந்நாளில் விழுந்த மரங்கள் எத்தனை! அந்தக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு மலைமக்களின் கையிலிருந்த அரிவாளை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லால்பாக்கில் காலை நடை போகும்போது அந்த மனிதருக்கு நன்றியும் வருகிறது, மலைமக்களின் நினைப்பும் வருகிறது.

இன்று நம் நகரத்தில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் அனுமதி வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் வனத்துறைக் கன்சர்வேட்டர் வரிசையிலிருந்து வந்தவர். ஐம்பதுக்கு மேல் மரங்கள் விழப்போகின்றன என்றால் அவர் பொது அறிவிப்புக் கொடுத்து, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். பலருக்கு இது தெரியாது. சாளுக்யா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்புப் பாலம் கட்ட 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, 2016 அக்டோபர் 16 அன்று ஊரே சாலையோரம் கைகோத்து நின்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. நம் வாசகர்களில் சிலரும் அந்தச் சங்கிலியில் நின்றார்கள் என்று அறிவேன்.

உயிருள்ளதைக் காப்பது எப்படி வேறுபடுகிறது என்பதற்கு ராமோஹள்ளி அருகே இருக்கும் தொட்ட ஆலமரத்தைப் பார்த்தால் புரியும். சுமார் 400 வயது. தாய்மரம் நோய் கண்டு செத்துப்போய்விட்டது. விழுதுகள் ஊன்றி, மூன்று ஏக்கரில் அதே மரம் நிற்கிறது. ஓவியக் காப்பாளர் செத்த பகுதிக்கும் மரியாதை செய்து வைத்திருப்பார். மரக் காப்பாளரோ புது விழுதுக்கு மண்ணில் இடம் கிடைக்கிறதா, சுற்றிக் கான்கிரீட் போட்டுவிடாமல் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. நம் அன்புதான் அது. பழையதின் மேல் பிரியம் வந்தால் அதைப் புதுசாக்கிப் பார்க்க நமக்குக் கை பரபரக்கிறது. குடமுழுக்கு என்றதும் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கற்றூணைத் தேய்த்துச் 'சுத்தம்' செய்தார்கள். எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் முழியும் அதோடு போயின. தமிழக அறநிலையத் துறை அந்த முறையைத் தடை செய்ய வேண்டி வந்தது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சிமென்ட் பூசுவதும் இதே வகைப் பிரியம். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சிமென்ட் அடைத்துவிடும், சுவர் உள்ளேயே ஊறி உப்புப் பூத்து உதிரும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு ஒன்றைத் தந்தது. அந்த வழக்கு எங்கிருந்து பிறந்தது தெரியுமா? 2015-ல் 'தி இந்து' ஆங்கில நாளிதழில் ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து. நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு பத்திரிகையின் ஆசிரியராக, உங்கள் கடிதங்களைப் பிரிக்கும்போது இதை நான் மறப்பதில்லை.

எரிப்பதாலும் ஆற்றில் விடுவதாலும் போன சுவடிகளின் கதையை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெருப்புக்கே தந்துவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்த துடிப்பைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களும் பக்தியோடுதான் அதைச் செய்தார்கள். மறுபக்கம், கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நூல்களும் நாடக நோட்டீசுகளும் கல்யாணப் பத்திரிகைகளும் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. கல்யாணப் பத்திரிகையைக்கூட எறியாமல் வைத்தாரே என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

சரி, அல்சூர் வாசகிக்கும் மற்றவர்களுக்கும், வீட்டில் நாமே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நோட்டைப் பிரிக்காதீர்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். முன்பே ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்கவும் வேண்டாம். குண்டூசி, இரும்பு கிளிப் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்னும். பவுன்டன் பேனா மை தண்ணீர் பட்டால் ஓடும், ஆகையால் ஈரத் துணி பக்கத்தில் வரக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் போனிலேயே நல்ல பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். பிறகு அமிலமில்லாத தாளிலோ, கஞ்சி போடாமல் துவைத்த பருத்தித் துணியிலோ சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, உள்பக்கச் சுவர் அலமாரியில் வையுங்கள். மழை மாதங்களில் வெளிச்சுவர் ஈரம் இழுக்கும். அங்கேதான் பூஞ்சை வரும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடலாம், அந்தத் துணி தாளைத் தொடாமல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, கரையானும் ராமபாணமும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

புகைப்படங்களுக்கு ஒரு சொல். பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் 1980களில் கல்யாணம் தவறாமல் வாங்கப்பட்டன. படங்கள் அதில் ஒட்டிக்கொண்டு நிறம் மாறும். எளிதாக வருபவற்றை எடுத்துக் காகித உறைகளில் போடுங்கள். வராததை இழுக்காமல், ஆல்பத்தோடு ஒரு கன்சர்வேட்டரிடம் கொண்டு போங்கள். ஓலைச்சுவடி, தஞ்சாவூர்ப் படம், மைசூர்ப் படம் எதுவானாலும் அப்படியே. எண்ணெய் தடவுவது, தண்ணீரில் துடைப்பது, பெயின்ட் கடையில் வார்னிஷ் வாங்கிப் பூசுவது எல்லாம் கேட்ட பிறகு செய்யலாம். கேட்டால் செய்ய மாட்டீர்கள்.

உங்கள் பேட்டையில் எழுத்தோ உருவமோ உள்ள கல் ஒன்று அரச மரத்தடியில், கோயில் வாசலில், சாக்கடையோரத்தில் கிடந்தால், அதற்கு ஆயில் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், சிமென்ட் வைத்துப் பதிக்க விடாதீர்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறவர்களைத் தடுக்க வேண்டாம். பல கற்கள் இன்றுவரை தப்பியதே அந்தக் கும்பிடால்தான், மஞ்சளைப் பிறகு கழுவிக்கொள்ளவும் முடியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது நேர்முகமாக ஒரு படமும், சுற்றுப்புறம் தெரிய ஒரு படமும் எடுத்து, இடத்தைத் தெளிவாக எழுதி மிதிக் சொசைட்டிக்குச் சொல்லுங்கள். ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். தமிழ் எழுத்தாக இருந்தால் படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டி, அடுத்தடுத்த இதழ்களில் அந்தக் கல்லின் படத்தோடும் ஊர்ப் பெயரோடும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்